விலையில்லா மடிக்கணினிக்குள் ஒரு கட்டற்ற மென்பொருள்: பல்கலைக்கழகங்கள் ஏன் கண்டுகொள்வதில்லை?

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு போன்ற நெசவு ஊர்களில், பட்டுத்தறி ஓடுகிற ஒரு வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால், தறிக்குப் பக்கத்திலேயே அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்றையும் பார்க்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய 'விலையில்லா மடிக்கணினி' திட்டத்தில் தமிழகம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் கொடுக்கப்பட்டன. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோன திட்டம், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று 2025-26 பட்ஜெட்டில் மறுபடி அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் விநியோகமும் தொடங்கியது.

ஆட்சிகள் மாறினாலும் இந்தக் கணினிகளில் ஒரு விஷயம் மாறவில்லை. விண்டோஸோடு சேர்த்து இன்னொரு இயங்குதளமும் உள்ளே வருகிறது. அதன் பெயர் பாஸ் லினக்ஸ்.

வாங்கிய கொஞ்ச நாளில் அதற்கு என்ன நடக்கும் என்பது மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஏதோ ஒரு கோளாறு என்று பஜாரில் இருக்கும் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோவார்கள். "இது எதுக்குப்பா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு? எடுத்துடட்டா?" என்று கேட்பார் கடைக்காரர். "எடுத்துடுங்கண்ணா" என்று பதில் வரும். அரசு செலவில் சேர்த்த ஒரு முழு இயங்குதளத்தின் கதை அத்தோடு முடிந்தது.

இதில் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. மாணவரையும் குறை சொல்வதற்கில்லை. மூன்று வருடம், நான்கு வருடம் படிக்கும் படிப்பில் எந்த ஒரு நாளும், எந்தத் தேர்விலும் அது தேவைப்படாது என்றால் யார்தான் அதை வைத்துக்கொள்வார்கள்?

சென்னையில் பிறந்த இயங்குதளம்

பாஸ் என்பது 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். இதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-ல் தொடங்கப்பட்டபோது, சி-டாக்கோடு கைகோத்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். பாஸின் முதல் பதிப்பு 2007-ல் வந்தது. 'தரங்' என்று பெயர். டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாக வைத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான வசதிகளைச் சேர்த்து உருவாக்கினார்கள். பள்ளிகளுக்கென்று 'எஜுபாஸ்' என்ற தனிப் பதிப்பும் உண்டு.

ஆக, ஒரு மாநிலப் பல்கலைக்கழக வளாகமே பங்கெடுத்த முயற்சி இது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 விதிமுறைப் பாடத்திட்டத்தில் கணினிப் பொறியியல் மாணவர்களுக்கு 'திறந்த மூல ஆய்வகம்' என்றே ஒரு செய்முறைத் தாள் இருந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அது கணினிப் பொறியியல் என்ற ஒரே வகுப்பறைக்குள் நின்றுவிட்டது. பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தக் காற்று வீசவே இல்லை.

தமிழகம் இதை முயன்றே பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2006-க்குப் பிறகான சில ஆண்டுகளில், எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுக் கொள்முதலிலும் லினக்ஸைக் கொண்டுவந்தார். அப்போது நாடே திரும்பிப் பார்த்தது. அவர் பதவி மாறிய பிறகு அந்த வேகம் தொடரவில்லை. ஒரு அதிகாரியை நம்பி நடக்கும் மாற்றத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'விலையில்லா' என்றால் காசு கொடுக்க வேண்டாம் என்று பொருள். 'கட்டற்ற' என்றால் பயன்படுத்துபவருக்கு அதன் மேல் உரிமை உண்டு என்று பொருள். எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதையோ மாற்றாததையோ அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து வளர்ந்த கொள்கை இது. கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ், மாணவரைப் பொறுத்தவரை விலையில்லாதது; கட்டற்றது இல்லை.

நெசவு தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சேலையின் கரையிலும் முந்தியிலும் பூவும் மயிலும் விழுவது தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியால். அதில் தொங்கும் துளையிட்ட அட்டைகள்தான் டிசைன். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான், சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்குத் துளை அட்டைகளை யோசித்தார். அதாவது, கணினி நிரலின் தாத்தா இன்றும் ஆரணிப் பக்கம் தறி மேல் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த அட்டையின் சிறப்பு என்னவென்றால், அது எதையும் மறைப்பதில்லை. அனுபவமுள்ள நெசவாளி ஒருவர் துளைகளைப் பார்த்தே எந்த இழை தூக்கும் என்று சொல்லிவிடுவார். ஒரு அட்டை கிழிந்தால் அதே மாதிரி இன்னொன்று செய்து கோத்துக்கொள்ளலாம். டிசைனில் ஒரு புட்டாவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். திறந்த மூலம் என்பது இதுதான். மாறாக, அட்டைகளை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, "ஓட்டிக்கோ, ஆனா திறந்து பார்க்கக் கூடாது, ரிப்பேர்னா எங்களைத்தான் கூப்பிடணும்" என்று சொன்னால் எந்த நெசவாளியாவது ஒப்புக்கொள்வாரா?

பல்கலைக்கழகத்துக்கும் இந்த மென்பொருளுக்கும் இருக்கும் உறவு இன்னும் நெருக்கமானது. ஸ்டால்மன் வேலை பார்த்தது எம்.ஐ.டி. ஆய்வகத்தில். லினக்ஸ் கருவை 1991-ல் வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. பாஸுக்கு அடித்தளமான டெபியனை 1993-ல் தொடங்கிய இயன் மர்டாக், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் அறையில் உட்கார்ந்து செய்த பொருள்தான் இன்று ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருக்கிறது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலை எடுத்தால், 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸ்தான். நம் கல்லூரி ஆய்வகத்தில் மட்டும் அது விருந்தாளிகூட இல்லை.

பூட்டு எங்கே தொங்குகிறது?

பணம்தான் தடை என்றால் பாஸோ உபுண்டுவோ எப்போதோ ஜெயித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. தடை இருப்பது பாடத்திட்டத் தாளில்.

கலை அறிவியல் கல்லூரிகளின் கணினிச் செய்முறைத் தாள்களைப் புரட்டினால், 'எம்.எஸ். வேர்டில் மெயில் மெர்ஜ் செய்க', 'எம்.எஸ். எக்செலில் வரைபடம் தயாரிக்க' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கற்றுக்கொள்ள வேண்டிய திறன் கடிதம் தயாரிப்பதும் கணக்கு அட்டவணை போடுவதும்தான். ஆனால் தாளில் இருப்பது ஒரு நிறுவனத்தின் பொருளின் பெயர். செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர் அந்தப் பெயரைத்தான் தேடுவார். லிப்ரெ ஆஃபிஸில் அதே வேலையை அச்சுப் பிசகாமல் செய்துகாட்டும் மாணவிக்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்பது தேர்வாளரின் மனநிலையைப் பொறுத்தது. இந்த அபாயத்தை எந்த ஆசிரியர் எடுப்பார்?

வேடிக்கை என்னவென்றால், பள்ளி இந்த விஷயத்தில் கல்லூரியை முந்திவிட்டது. 2018-ல் வந்த தமிழக அரசின் புதிய பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் சொற்செயலி, அட்டவணைச் செயலி எல்லாமே ஓப்பன் ஆஃபிஸில்தான் சொல்லித்தரப்படுகின்றன. இயங்குதளப் பாடத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும்போது ஓப்பன் ஆஃபிஸ் ரைட்டரில் கடிதம் தயாரித்த பிள்ளை, கல்லூரிக்குப் போனதும் 'அதெல்லாம் இங்கே செல்லாது' என்று பாதி வழியில் இறக்கிவிடப்படுகிறது. உயர்கல்வி என்றால் மேலே போக வேண்டும். இது ஒரு படி கீழே இறங்குகிறது.

மேலே இருந்து வரும் சைகையும் குழப்பமாகவே இருக்கிறது. ஒரு கையால் பாஸ் லினக்ஸ் போட்ட கணினியைக் கொடுக்கும் அரசு, இன்னொரு கையால் 'நான் முதல்வன்' திட்டத்தில் கலை அறிவியல் மாணவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் சார்ந்த பயிற்சியைக் கொடுத்தது. அந்தப் பயிற்சி தேவையற்றது என்று சொல்ல முடியாது. வேலை தேடுபவருக்கு அது உதவும். ஆனால் பாஸைச் சொல்லிக்கொடுக்க அதுபோல ஒரு மணி நேரமாவது யாராவது ஒதுக்கினார்களா?

கேரளா எங்கே ஜெயித்தது?

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். கேரளத்தில் 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், இப்போது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக இருக்கிறது. அவர்கள் லினக்ஸைப் பள்ளிக் கணினிகளில் நிறுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பாடநூலை அதை வைத்தே எழுதினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வையே அதில் நடத்தினார்கள். தேர்வு அதில்தான் என்று ஆன பிறகு, வீட்டுக் கணினியிலும் அதே வந்தது. சர்வீஸ் கடைகளும் கற்றுக்கொண்டன. சந்தை தேர்வைப் பின்தொடர்ந்தது.

2019-ல் இரண்டு லட்சம் கணினிகளில் இந்த இயங்குதளத்தைப் போட்டதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் சொன்னது. அந்தக் கணக்கை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஒரு கணினிக்கு ஒன்றரை லட்ச ரூபாய் மென்பொருள் வாங்கியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட பெருக்கல் அது. எந்த அரசுப் பள்ளியும் அவ்வளவு செலவழிக்கப் போவதில்லை. உண்மையான லாபம், தங்களுக்கு வேண்டியபடி இயங்குதளத்தையே திருத்தத் தெரிந்த ஆசிரியர் கூட்டம் ஒன்று அங்கே உருவானதுதான். அதற்கு ரூபாயில் விலை போட முடியாது.

"டேலி இல்லாம எப்படிங்க?"

எதிர்க் கேள்விகள் உண்டு. அவற்றில் சில நியாயமானவை.

முதல் கேள்வி வேலை. ஆரணி பஜாரில் ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதப் போகிற பி.காம். பட்டதாரியிடம் முதலாளி கேட்பது, "டேலி தெரியுமா? ஜி.எஸ்.டி. போடத் தெரியுமா?" என்பதைத்தான். டேலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்ட மென்பொருள். க்னூகேஷ் போன்ற கட்டற்ற கணக்கு மென்பொருள்கள் இருந்தாலும், இந்திய ஜி.எஸ்.டி. வேலைக்கு அவை டேலிக்கு ஈடாகாது. இயந்திரப் பொறியியலில் ஆட்டோகேடும் அப்படித்தான்; ஃப்ரீகேட் வளர்ந்து வருகிறது, ஆனால் தொழிற்சாலையில் கேட்பது அதை அல்ல. எனவே 'விண்டோஸையே துரத்துங்கள்' என்று கோஷம் போடுவது, கூலி நெசவாளியின் பிள்ளையுடைய முதல் வேலையோடு விளையாடுவதாகிவிடும். டேலி தாள் டேலியிலேயே இருக்கட்டும். ஆனால் ஒரு பட்டப்படிப்பில் டேலி ஒரு தாள்தான். மற்ற தாள்களையும் அதற்காக அடமானம் வைக்க வேண்டுமா?

இரண்டாவது சிக்கல் எழுத்துரு. கல்லூரி அலுவலகங்களில் பத்து, இருபது வருடக் கோப்புகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள் வரும். "லினக்ஸ்ல தமிழ் வராது" என்ற பேச்சுக்குப் பாதி காரணம் இதுதான். உண்மையில் லினக்ஸில் யூனிகோடு தமிழும் தமிழ்99 விசைப்பலகையும் நன்றாகவே வேலை செய்கின்றன. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது எந்த இயங்குதளம் இருந்தாலும் செய்தே தீர வேண்டிய வேலை. தள்ளிப்போட்ட வேலைக்கு லினக்ஸ் மேல் பழி விழுகிறது.

மூன்றாவது, கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது? ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பத்து வருடம் பாடுபட்டு, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி 2013-ல் முடித்தது. 2017-ல் திரும்ப விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. அரசியல் காரணம், ஊழியர்களின் புகார், வெளியிலிருந்து வரும் கோப்புகள் ஒத்துப்போகாதது என்று பல சொல்லப்பட்டன. வசதியுள்ள நகரத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரே ஒரு லேப் அசிஸ்டென்ட் இருக்கும் அரசுக் கல்லூரி பயப்படுவதில் ஆச்சரியமில்லை.

இப்போது ஏன் பேச வேண்டும்?

காரணம், கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போக டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியும் தேவை. 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை அந்த வாசலில் நிற்க முடியாது. பழைய விலையில்லா மடிக்கணினிகளின் பெரும்பகுதியும், பல கல்லூரி ஆய்வகங்களின் மேசைக் கணினிகளும் இந்தக் கணக்கில் வரும். கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்து 2, அடுத்து 4 என்று நீட்டிப்பு விற்கிறார்கள். மலிவுதான். ஆனால் மூன்று வருடம் கழித்து அதே கேள்வி அதே இடத்தில் நிற்கும். நல்ல நிலையில் இருக்கும் அந்தக் கணினிகளில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால், இன்னும் சில வருடம் சொல்லிக்கொடுக்கப் பயன்படும்.

இன்னொன்றும் நடந்தது. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணம் காட்டி, நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் திடீரென்று நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. பெரிய நிறுவனம், வக்கீல் வைத்தது. ஒரு மாவட்டக் கல்லூரி என்ன செய்யும்? அதே ஆண்டில் மத்திய கல்வி அமைச்சகம் தன் அலுவலகப் பணிகளுக்கு ஜோஹோவைப் பயன்படுத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் வேர்விட்ட நிறுவனம் என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் அதன் மென்பொருளும் பூட்டிய பெட்டிதான். சாவி உள்ளூரில் இருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

பல்கலைக்கழகம் செய்யக்கூடியது

பெரிய டெண்டர் எதுவும் தேவையில்லை. பாடத்திட்டக் குழுக்கள் முதலில் பொருளின் பெயரை எடுத்துவிட்டுத் திறனின் பெயரைப் போடலாம். 'எம்.எஸ். வேர்டு' என்ற இடத்தில் 'சொற்செயலி', 'எம்.எஸ். எக்செல்' என்ற இடத்தில் 'அட்டவணைச் செயலி'. எதில் செய்துகாட்டினாலும் மதிப்பெண் உண்டு என்று ஒரு சுற்றறிக்கை. முதல் பருவத்தின் ஏதாவது ஒரு செய்முறைத் தாளை, எந்தப் பாடப்பிரிவாக இருந்தாலும், அரசு கொடுத்த அந்த பாஸ் லினக்ஸிலேயே நடத்தலாம். முதல் ஆண்டு தேர்வு அதில் இருந்தால், இரண்டாம் ஆண்டு வரைக்காவது யாரும் அதை அழிக்க மாட்டார்கள்.

சொல்லித்தர ஆள் இல்லை என்ற சாக்கும் முழுதாக எடுபடாது. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் லினக்ஸ், லிப்ரெ ஆஃபிஸ், கிம்ப் எல்லாவற்றுக்கும் சின்னச் சின்ன வீடியோ பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன, கட்டணம் இல்லை. அதே ஐ.ஐ.டி.யின் 'ஃபாசி' திட்டம், மின்னணுவியல் மாணவர்களுக்கு ஈசிம் போன்ற கட்டற்ற கருவிகளையும் கொடுக்கிறது. இரண்டும் மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில் உருவானவை.

விட்டுப்போகக் கூடாத இன்னொரு ஆள், பஜாரில் இருக்கும் அந்த சர்வீஸ் கடைக்காரர். ஆரணி, செய்யாறு, போளூர் போன்ற ஊர்களின் கடைக்காரர்களைப் பக்கத்துக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ இரண்டு சனிக்கிழமை கூப்பிட்டு, பாஸை எப்படி நிறுவுவது, வைஃபை, பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் என்ன பார்ப்பது என்று காட்டினால் போதும். அடுத்த தடவை முள்ளிப்பட்டிலிருந்து ஒரு பிள்ளை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரும்போது, "எடுத்துடட்டா?" என்று கேட்பதற்கு முன்னால், "காலேஜ்ல இதுலதானே பிராக்டிகல்?" என்று அவரே கேட்பார்.